உதவிப் பணம் சோம்பலை வளர்க்குமா?

வேலையிழந்தவனுக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுத்தால் அவன் வேலை தேடமாட்டான், உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைக்கும்போது எழுந்து நடப்பவன் யார் என்ற வாதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இவ்வித உதவியைப் பற்றிய பேச்சு எந்தத் தேசத்தில் எழுந்தாலும் இந்த ஆட்சேபமும் கூடவே எழுகிறது. இவ்வாறு சொல்லுவோரில் பெரும்பாலோர் ஒரு மாதமேனும் வேலையின்றித் தவித்தறியாதவர்கள் என்று கூறி வாதத்தைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. பொது ஜனங்களின் பணத்தைச் செலவிடுமுன் அதனால் விளையும் நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்ப்பது கடமை. ஆகவே இவ்விஷயத்தில் உலகம் கண்ட அனுபவம் யாது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

வேலையின்மைக்கு எதிரான கட்டாய இன்ஷூரன்ஸைத் தேசச் சட்டமாக முதன்முதல் ஏற்படுத்தியது பிரிட்டன். 1911-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கட்டிட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சில தொழில்களைச் சேர்ந்த சுமார் 22.5 லட்சம் தொழிலாளர் அதில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் சந்தா செலுத்த, சர்க்காரும் தன் பங்கைச் சேர்த்தது. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங் வீதம் வருஷத்தில் 15 வாரம் வரையில் பணம் கிடைக்கும். 1913 ஜனவரியில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1910-ல், வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டிருந்தன. பணம் வாங்க வரும் இடமும் காலியிடத்தைக் கேட்டறியும் இடமும் ஒன்றாக இருந்தபடியால், உதவி பெறுவதும் வேலை தேடுவதும் ஒரே காரியத்தின் இரு பாகங்களாக அமைந்தன. முதலில் வகுத்தவர்களின் நோக்கம் இவ்வளவு தெளிவாக இருந்தது.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறிற்று. நிலக்கரி, பருத்தி நெசவு, கப்பல் ஆகிய பெருந்தொழில்கள் சரிந்தன. வேலையற்றோர் தொகை லட்சக்கணக்கில் பெருகிற்று. செலவு ஏறியதும் அதிகாரிகளுக்குச் சந்தேகமும் ஏறிற்று. பணம் கேட்டு வருபவன் தான் மெய்யாகவே வேலை தேடியதை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1921-ல் புகுத்தப்பட்டு, 1924-ல் எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழுந்தது. வேலை இல்லையென்று தெரிந்த ஆலைகளுக்கே அவன் ஒவ்வொன்றாக நடந்து, வாயிலில் நின்று கேட்டு, மீண்டு வந்து, எங்கெங்கே சென்றேன் என்று ஒப்பிக்க வேண்டியவனானான். சொன்ன விதம் அதிகாரிக்குத் திருப்தி தராவிடில் பணம் இல்லை. 1930-ல் அந்த நிபந்தனை நீக்கப்படும் வரையில் சுமார் 30 லட்சம் மனுக்கள் இந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டன. இத்தனை மனுக்களைத் தள்ளியதால் ஒரு புதிய ஆலையேனும் திறந்ததா? ஒரு கப்பலேனும் கூடுதலாகக் கட்டப்பட்டதா? இல்லை. காலியிடம் பத்து இருக்கும் ஊரில் ஆயிரம் பேரை விரட்டினாலும் வேலை பெறுவோர் பத்துப் பேர்தான்.

1931-ல் உதவித் தொகையே குறைக்கப்பட்டது. நெடுநாள் வேலையற்றிருந்தோரின் குடும்ப வருமானம் முழுவதையும் விசாரித்துப் பணத்தை வெட்டும் முறையும் அப்போதே வந்தது. மகன் நாலு காசு சம்பாதித்தால் தகப்பனின் உதவி குறையும். வடகிழக்கு இங்கிலாந்தில் ஜாரோ என்னும் ஊர் ஒரே ஒரு கப்பல் தளத்தை நம்பி வாழ்ந்தது. அத்தளம் மூடப்பட்டதும் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையிழந்தனர். 1936 அக்டோபரில் அவ்வூரிலிருந்து சுமார் 200 பேர், எங்களுக்கு வேலை கொடுங்கள் என்ற விண்ணப்பத்தோடு, ஏறக்குறைய 280 மைல் தூரம் லண்டனுக்கு நடந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது கண்டதென்ன? நடைப்பயணம் செய்த நாட்களில் வேலைக்கு அழைத்திருந்தால் வர இயலாதவர்களாக இருந்தார்கள் என்று சொல்லி உதவிப் பணம் குறைக்கப்பட்டிருந்தது. வேலை கேட்டு 280 மைல் நடந்தவனை வேலைக்குத் தயாராக இல்லாதவன் என்று எழுதிய கணக்கு, சந்தேகத்தையே அஸ்திவாரமாகக் கொண்ட நிர்வாகம் எங்கே போய் முடியும் என்பதைக் காட்டுகிறது.

உதவி இல்லாவிட்டால் மனிதன் அதிக ஊக்கத்தோடு வேலை தேடுவான் என்பது ஆட்சேபக்காரர்களின் உள்ளார்ந்த நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அரிய சாட்சியம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியெந்தால் என்ற சிற்றூரில் ஒரு நூல் ஆலை இருந்தது. ஊரே அதனால் பிழைத்தது. 1929-க்கும் 1930-க்கும் இடையே அந்த ஆலை படிப்படியாக மூடப்பட்டது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகிய இளம் ஆராய்ச்சியாளர்கள் தம் குழுவினருடன் அங்கே சென்று 478 குடும்பங்களின் வாழ்வை நுணுக்கமாகக் கவனித்து, 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். ஓய்வு ஏராளமாகக் கிடைத்தும் ஜனங்கள் வாசகசாலையில் முன்னைவிடக் குறைவாகவே புத்தகம் எடுத்தார்கள். சந்தா தள்ளப்பட்டும் எடுத்த புத்தகங்களின் தொகை பாதியாயிற்று. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமும் தளர்ந்தது. காலையிலிருந்து மாலை வரையில் என்ன செய்தாய் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்நூலில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. ஆராய்ச்சியாளர்கள் குடும்பங்களை நால்வகையாகப் பிரித்தார்கள். மனம் உடையாமல், வருங்காலத்தை எண்ணி, தொடர்ந்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வகை. எதிர்பார்ப்பை விட்டு அமைதியாக ஒடுங்கிப்போனவர்கள் ஒரு வகை. நிராசையில் மூழ்கியவர்கள் ஒரு வகை. எதிலும் பற்றற்று வீட்டையும் குழந்தைகளையும் கூடக் கவனியாது கிடந்தவர்கள் கடைசி வகை. இவர்களுடைய மாத வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டபோது, முதல் வகையினருக்கு 34 ஷில்லிங், பின்னே முறையே 30, 25, 19 ஷில்லிங் என்று வந்தது. (ஆஸ்திரிய நாணயத்துக்கும் ஷில்லிங் என்றே பெயர்.) வருமானம் குறையக் குறைய மனமும் படிப்படியாக இறங்கியிருக்கிறது. கையில் சற்றேனும் இருந்தவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லாதவன் தேடுவதையே விட்டுவிட்டான். பசி மனிதனை எழுப்பும் என்று நாற்காலியில் அமர்ந்து சொல்லுவோர் இந்த நான்கு எண்களையும் சிந்திப்பாராக.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுவோம். உதவிப் பணத்தால் வேலையற்றிருக்கும் காலம் சிறிதும் நீளுவதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நீளுகிறது என்பதே பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளின் பொதுவான முடிவு. எவ்வளவு நீளுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1935-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் மாகாணங்கள்தோறும் இவ்வுதவி பரவிற்று. அங்கே உதவி கொடுக்கும் காலத்தை ஒரு வாரம் கூட்டினால் வேலையற்றிருக்கும் காலம் சராசரியாக ஒரு நாளோ அதற்குச் சற்று மேலோ கூடுகிறது என்று 1990-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. ஒரு நாள் என்பது பூஜ்யம் அன்று. ஆனால் உதவி உள்ள வரையில் எவனும் எழுந்திருக்க மாட்டான் என்றால் முழு வாரமும் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

உதவி முடியும் வாரத்தில் திடீரென்று பலர் வேலையற்றோர் பட்டியலிலிருந்து மறைகிறார்கள், இதுவரை பணத்துக்காகக் காத்திருந்தவர்கள் பணம் நின்றதும் வேலைக்குப் போகிறார்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. டேவிட் கார்டு, ராஜ் செட்டி, ஆண்டிரியா வெபர் ஆகிய மூவரும் ஆஸ்திரியாவின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007-ல் இதற்கு விடை கண்டார்கள். பட்டியலைவிட்டு நீங்குவோர் தொகை அந்த வாரத்தில் பன்மடங்காவது மெய்தான். ஆனால் புதிதாக வேலையில் அமர்வோர் தொகை சிறிதளவே கூடுகிறது. பணம் நின்றபின் பதிவு செய்து பயனென்ன என்று மற்றவர்கள் வருவதை நிறுத்திக்கொள்ளுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாதது வேலை கிடைத்ததற்கு அத்தாட்சி ஆகாது. புள்ளி விவரங்களைக் காட்டி வாதம் செய்வோர் மறக்கக்கூடாத பாடம் இது.

காலம் நீளுவதன் காரணத்தையும் ஆராய வேண்டும். ராஜ் செட்டி 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் நல்ல வெளிச்சம் தருகிறது. சேமிப்பு உள்ள குடும்பத்தவரிடம் உதவிப் பணத்தின் அளவால் வேலை தேடும் காலம் அவ்வளவாக மாறுவதில்லை. சேமிப்பற்றவர்களிடமே அது மாறுகிறது. அதாவது, பணம் இல்லாத கொடுமையால் அகப்பட்டதைப் பற்றிக்கொள்ள வேண்டிய ஏழை, உதவி கிடைத்ததும் பணக்காரனைப்போல் சற்றே நின்று தேர்ந்தெடுக்கிறான். கூடுகிற காலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் இவ்வகையைச் சேர்ந்தது என்று அவர் கணக்கிட்டார். சேமிப்புள்ளவன் மூன்று மாதம் பொறுத்துத் தகுந்த வேலையில் சேர்ந்தால் அவனை விவேகி என்கிறோம். அதையே ஏழை செய்தால் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

இப்படிப் பொறுத்துத் தேடுவதால் தேசத்துக்கும் லாபம் உண்டு. பத்து வருஷம் தறி ஓட்டிக் கைதேர்ந்தவன் மூட்டை தூக்கப் போனால் அந்தப் பத்து வருஷப் பயிற்சியும் வீணாகிறது. ஆஸ்திரியாவில் 40 வயதானவர்களுக்கு உதவிக் காலம் 30 வாரத்திலிருந்து 39 வாரமாக உயருவதை ஆராய்ந்து 2017-ல் வெளியான கட்டுரை, அவ்வாறு கூடுதல் காலம் பெற்றவர்கள் சற்று உயர்ந்த கூலியுள்ள வேலைகளில் அமர்ந்ததைக் கண்டது. உயர்வு அரை சதவீதமே. எல்லாத் தேசங்களிலும் எல்லாக் காலத்திலும் இதே பலன் கண்டதாகவும் சொல்ல முடியாது. ஆயினும் நீண்ட தேடல் முழுவதும் வீண்பொழுது என்ற வாதத்துக்கு இது தக்க மறுப்பாகும்.

சமீப காலத்தில் இதற்கு ஒரு பெரிய பரீட்சையும் நடந்தது. கொரோனா கொள்ளைநோயின்போது அமெரிக்கா 2020-ல் வழக்கமான உதவியோடு வாரம் 600 டாலரும், பின்னர் 300 டாலரும் சேர்த்துக் கொடுத்தது. உதவி பெற்றவர்களில் பலருக்கு அது பழைய கூலியைவிட அதிகமாகவே இருந்தது. ஆகையால் ஆட்சேபம் பலமாக எழுந்ததில் வியப்பில்லை. 2021 செப்டம்பர் வரையில் நீடிக்க வேண்டிய உதவியைச் சுமார் பாதி மாகாணங்கள் ஜூன், ஜூலை மாதங்களிலேயே நிறுத்தின. ஜூன் மாதத்தில் அவ்வாறு உதவியிழந்தவர்களை வங்கிக் கணக்குகள் மூலம் ஆராய்ந்தபோது, எட்டுப் பேருக்கு ஒருவரே ஆகஸ்டுத் தொடக்கத்துக்குள் வேலை பெற்றிருந்தார் என்று தெரிந்தது. மற்ற ஏழு பேரும் செலவைச் சுருக்கிக்கொண்டார்கள். உதவியை நிறுத்தியதால் ஒருவர் வேலைக்குச் சென்றார் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அந்த ஒருவருக்காக ஏழு பேரின் அடுப்பை அவிப்பது ராஜதந்திரமாகுமா என்பதே நமது கேள்வி.

அப்படியாயின் நிபந்தனை ஒன்றுமே வேண்டாமா? வேண்டும். உதவிக்கு ஒரு கால எல்லை வேண்டும். வேலை தேடுவோரோடு நிர்வாகத்துக்கு ஓயாத தொடர்பும் வேண்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் உதவி பெறுவோரில் சிலரை, நீங்கள் வேலை தேடும் பயிற்சிக்கு வரவேண்டும் என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். அவ்வாறு அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு வாரத்துக்கு மேல் குறைவாகவே உதவி பெற்றார்கள். அவர்களில் பலர் பயிற்சிக்கு வருமுன்பே பட்டியலைவிட்டு நீங்கினார்கள் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. சிலர் சாவதானமாக இருந்தார்கள் என்பதற்கு இது சான்று. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்குரிய மருந்து ஓர் அழைப்புக் கடிதமே. எல்லோருடைய உணவையும் நிறுத்துவது அதற்கு மருந்தாகாது.

இவ்வளவு அந்நிய நாட்டு வரலாறு நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நமது அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து, பொருளாதார சக்திக்கு இயன்ற வரையில், வேலையின்மைக் காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கு ராஜ்யம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லுகிறது. அந்த வாக்கை நாம் எவ்வாறு காப்பாற்றியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நம் நாட்டிலும் உதவிப் பணம் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கொடுப்பது குடும்பம். தகப்பனாரின் பென்ஷன், தாயாரின் அடகு வைத்த நகை, தமையனின் சம்பளம் இவையே படித்த பிள்ளையின் உதவித் தொகை. நமது தேசத்தில் படியாதவர்களைவிடப் படித்தவர்களிடையே வேலையின்மை விகிதம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பத்தால் தாங்க முடிந்தவன் காத்திருக்கிறான். தாங்க முடியாதவன் கிடைத்த கூலிக்குக் கைநீட்டுகிறான். கணக்கில் அவன் வேலையுள்ளவன். ஆகவே உதவி வேண்டுமா வேண்டாமா என்பது நம் முன்னுள்ள பிரச்னையே அன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமா என்பதே பிரச்னை.

சர்க்கார் தரும் உதவியோ, வேண்டிய காலத்தில் வருவதில்லை. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோருக்கென 2006-ல் ஏற்பட்ட திட்டத்தைப் பாருங்கள். பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்தவருக்கே பணம். பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி பெற்றவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று விகிதம் வகுத்து, மூன்று வருஷம் கொடுப்பதாக ஏற்பாடு. எவ்வித வேலையிலும் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லதே, ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ ஒன்று செய்தார்கள். ஆனால் ஐந்து வருஷம் காத்திருந்தவனிடம் தேடும் ஊக்கம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நாளொன்றுக்கு 20 ரூபாயைக் கொண்டு எந்த ஊருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போவான்? இடையே நான்கு நாள் கூலி வேலை செய்தால் உதவிக்கு ஆபத்து என்றால், மரம் வெட்டி விறகு பெற்றதற்காக உதவியை இழந்த மரியெந்தால் தொழிலாளியின் கதைதான் இங்கும்.

இந்திய சர்க்காரின் தொழிலாளர் இன்ஷூரன்ஸில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், 2018-ல் ஏற்பட்ட திட்டமும் இத்தன்மையதே. வேலை போய் 90 நாள் கழிந்தபிறகே கூலியில் கால் பங்கு, அதுவும் 90 நாளைக்கு, ஆயுளில் ஒரே தடவை என்று வகுத்தார்கள். வேலையிழந்த முதல் மூன்று மாதத்தில், பழக்கமும் தொடர்பும் ஊக்கமும் அழியாதிருக்கும்போது, உதவி இல்லை. கொள்ளைநோய் வந்த 2020-ல் கால் பங்கு அரைப் பங்காயிற்று. காத்திருக்க வேண்டிய 90 நாள் 30 நாளாகக் குறைந்தது. சில மாதங்களுக்கென்று அறிவித்த அச்சலுகை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆபத்துக் காலத்தில் சரியென்று கண்டது சாதாரண காலத்திலும் சரியே. தொழிற்சாலை மூடப்படும் தொழிலாளிக்கு அந்த நாளே கொள்ளைநோய் நாள் அன்றோ?

நமது அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லுகிறோம். உதவி வேலை போன சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அன்று. குடும்பம் அடகுக் கடைக்குப் போகாமல் இருக்கும் அளவுக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவித்த எல்லையும் அதற்கு இருக்க வேண்டும். சிறு கூலி சம்பாதித்தால் உதவி முழுவதையும் பறிக்கக்கூடாது. வேலைவாய்ப்பு அலுவலகம் பதிவுப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் இடமாக மட்டும் நிற்காமல், வருபவனை உட்காரவைத்துப் பேசி, தகுந்த இடத்துக்கு அனுப்பும் ஸ்தாபனமாக மாற வேண்டும். அமைப்பற்ற தொழில்களில் பாடுபடும் கோடிக்கணக்கானோரைப் படிப்படியாகவேனும் இதில் சேர்க்க வேண்டும். செலவு பெரிதுதான். தகுதியானவன் தகாத வேலையில் தேய்ந்து போவதும், தேடித் தேடிச் சலித்தவன் திண்ணையில் முடங்குவதும் செலவில்லையா? அந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது.

தூர தேசம் செல்பவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். கட்டுச்சோறு கொடுத்தால் வழியிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. போய்ச் சேர வேண்டுமே என்றுதான் கொடுத்தாள். வேலை தேடிப் புறப்படுகிறவனிடம் தேசமும் அந்த நம்பிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.